ராக்டைம், ஸ்டாம்ப், ஸ்ட்ரைட்: பழைய ஜாஸ் பியானோ இசைத்தாள்களைச் சேர்ப்பதும் பகிர்வதும்

பழைய ஜாஸ் பியானோவுக்கு நோட்ஸ் தேடத் தொடங்கும் எவரும் முதல் வாரத்திலேயே ஒரு குழப்பத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஒரே தலைப்பில் ஐந்து பிடிஎஃப் கிடைக்கும். ஐந்தும் ஐந்து விதமாக இருக்கும். ஒன்றில் நான்கு ஃபிளாட், இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. ஒன்றில் இடது கை ஆக்டேவ் ஆக்டேவாகத் தாவும், மற்றொன்றில் இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும். எது சரி என்று மண்டையை உடைப்பதைவிட, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வழி பிறக்கும். வாங்குவது, ஸ்கேன் செய்வது, பெயரிடுவது, பகிர்வது எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கேள்விதான் அச்சாணி.

இங்கே பேசப்படுவது அமெரிக்காவில் ஏறத்தாழ 1897 முதல் 1930 வரை அச்சான பியானோ இசை. ‘ராக்’ என்ற பெயரோடு தாள்கள் வரத் தொடங்கியது 1897இல். அடுத்து ஸ்காட் ஜாப்ளின், ஜேம்ஸ் ஸ்காட், ஜோசப் லாம்ப் ஆகியோரின் ராக்டைம்: இடது கை சீராகத் தாளம் போட, வலது கை அடியை விட்டு விலகி விலகி (சிங்கோபேஷன்) வாசிக்கும் இசை. பிறகு ஜெல்லி ரோல் மார்ட்டனின் ஸ்டாம்ப் (அழுத்தமான தாளத்தில் ஆட்டத்துக்கான துண்டு), நியூயார்க் ஹார்லெம் பியானோக்காரர்களின் ஸ்ட்ரைட் (இடது கை கீழ்ச்சுரத்துக்கும் நடுவிலுள்ள சுரக்கூட்டுக்கும் மாறி மாறித் தாவும் பாணி), ஸெஸ் கான்ஃப்ரே வகையறா ‘நாவல்டி’ (விரல் வித்தை காட்டும்) பியானோ.

தாளின் பூர்வீகம்

கையில் கிடைக்கும் எந்தத் தாளும் இந்த வகைகளில் ஒன்றாக இருக்கும்: அந்தக் காலத்துப் பதிப்பாளர் அச்சிட்ட மூலத்தாள், பியானோ ரோலிலிருந்து (தானியங்கிப் பியானோவை வாசிக்கவைக்கும் துளையிட்ட காகிதச் சுருள்) எழுதப்பட்டது, இசைத்தட்டைக் காதால் கேட்டு எழுதியது, பிற்காலத்தில் யாரோ எளிமைப்படுத்தியது, மெட்டும் சுரக்கூட்டுப் (கார்ட்) பெயர்களும் மட்டுமே உள்ள லீட் ஷீட். கடைசி வகை இந்த இசைக்கு அநேகமாக உதவாது. இடது கை என்ன செய்கிறது என்பதில்தான் இந்த இசையே இருக்கிறது. லீட் ஷீட் அதைச் சொல்லாமல் விட்டுவிடும்.

ராக்டைமைப் பொறுத்தவரை மூலத்தாளே இறுதி ஆதாரம். ஜாப்ளின் தாளுக்காகவே எழுதினார். ராக்டைமை வேகமாக வாசிப்பது எப்போதுமே தவறு என்ற எச்சரிக்கையைப் பல தாள்களில் முதல் வரியின் மேலேயே அச்சிடவும் செய்தார். ஸ்டாம்ப், ஸ்ட்ரைட் பக்கம் வந்தால் கதை தலைகீழ். அங்கே அச்சுத்தாள் என்பது வீட்டில் பியானோ வாசிப்பவருக்காகப் பதிப்பாளர் சுருக்கிக் கொடுத்த பதிப்பு. மார்ட்டன் உண்மையில் என்ன வாசித்தார் என்பது தட்டில்தான் இருக்கிறது.

‘கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்’பை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ட்டன் இதை 1923இல் இண்டியானாவின் ரிச்மண்டில் ஜென்னெட் கம்பெனிக்காகத் தனி பியானோவில் பதிந்தார். 1924இல் சிகாகோவின் மெல்ரோஸ் தாளாக வெளியிட்டது. 1926இல் வோகாலியன் தட்டு, 1938இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காகப் பேசியும் வாசித்தும் செய்த பதிவு, 1939இல் இன்னொரு தட்டு. ஒவ்வொன்றிலும் கடைசிப் பகுதியின் மாறுபாடுகள் வேறு. ஆக, ‘கிங் போர்ட்டர் ஸ்டாம்ப் பிடிஎஃப்’ என்று மட்டும் பெயர் போட்ட கோப்பு எந்தத் தகவலையும் தருவதில்லை. மெல்ரோஸ் 1924 தாளா, 1923 தட்டிலிருந்து எழுதியதா, 1939 தட்டிலிருந்தா? வாசிக்க உட்காருபவருக்கு இதுதான் முதலில் தெரிய வேண்டும்.

ரோலிலிருந்து எழுதிய தாளில் ஒரு பொறி உண்டு. 88 சுர ரோல் 11¼ அங்குல அகலக் காகிதம், அங்குலத்துக்கு 9 துளை. கலைஞர் வாசித்து முடித்தபின் கம்பெனி ஆட்கள் கூடுதல் துளைகள் போட்டு இசையை நிரப்புவது வழக்கம். அதை அப்படியே எழுதினால் மூன்று கை வேண்டியிருக்கும். இரண்டு கைகளுக்கும் நடுவே எட்டாத தூரத்தில் நீண்ட சுரங்கள் நின்றுகொண்டிருந்தால் அது ரோல் சரக்கு என்று சந்தேகப்படலாம். வேகமும் கவனிக்க வேண்டியது. ரோலின் மேல் ‘டெம்போ 80’ என்றிருந்தால் நிமிடத்துக்கு 8 அடி காகிதம் ஓடுகிறது என்று பொருள்; மெட்ரோனோம் எண் அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு செய்த மிடி கோப்புகள் ஏராளமாக உலவுகின்றன.

ரோல்தான் அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் என்பதையும் மறக்க வேண்டாம். ஜேம்ஸ் பி. ஜான்சனின் ‘கரோலினா ஷௌட்’ ரோலை மெதுவாக ஓடவிட்டு, தானே கீழிறங்கும் கட்டைகளின் மேல் விரல் வைத்துத்தான் ட்யூக் எலிங்டன் அதைக் கற்றுக்கொண்டார்.

தட்டைக் கேட்டு எழுதிய தாளில் சுருதியைச் சோதியுங்கள். அந்தக் காலத் தட்டுகள் எல்லாம் சரியாக நிமிடத்துக்கு 78 சுற்றில் பதியப்படவில்லை. வேகம் 6 சதவீதம் மாறினால் சுருதி அரைச் சுரம் நகர்ந்துவிடும். அதாவது 78க்கும் 82½க்கும் உள்ள வித்தியாசம்தான். அச்சுத்தாள் ஜி மேஜரில் இருக்க, கேட்டெழுதிய தாள் ஆறு ஷார்ப்புடன் எஃப் ஷார்ப்பில் நின்றால், கலைஞர் கஷ்டமான சுருதியைத் தேர்ந்தெடுத்தார் என்று வியக்க வேண்டியதில்லை. எழுதியவர் தட்டின் வேகத்தைத் திருத்தாமல் விட்டிருக்கிறார்.

எங்கே தேடுவது, எந்தச் சொல்லால் தேடுவது

அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களின் இலவச ஸ்கேன்களே முதல் படி. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லெஸ்டர் லெவி தொகுப்பில் 29,000க்கு மேற்பட்ட தாள்கள் உள்ளன. ட்யூக் பல்கலைக்கழகத் தொகுப்பில் 3,042 தாள்கள். ஆனால் 1850 முதல் 1920 வரை மட்டும், ஆகவே ஸ்ட்ரைட் தேடி அங்கே போக வேண்டாம். பிரௌன் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க அமெரிக்க இசைத்தாள்களுக்கென்றே 1,305 உருப்படிகள். மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டெம்பிள்டன் தொகுப்பு ராக்டைமில் பலமானது. காங்கிரஸ் நூலகமும் உண்டு. நியூ ஆர்லியன்ஸ் சங்கதிகளுக்கு டுலேன் பல்கலைக்கழகத்தின் ஹோகன் ஜாஸ் ஆவணக்காப்பகம். இவற்றைப் பார்த்த பிறகுதான் ஐஎம்எஸ்எல்பி என்ற இலவச இசைத்தாள் இணையதளம். அங்கே உள்ள பல ஸ்கேன்கள் இந்த நூலகங்களிலிருந்து வந்தவையே. மூலத்துக்கே போனால் அட்டையும் விளம்பரப் பக்கமும் சேர்ந்து கிடைக்கும்.

தேடும் சொல் முக்கியம். தமிழில் ‘ராக்’ என்று தட்டினால் இந்துஸ்தானி ராகமும் ராக் இசையும் வந்து கொட்டும், அது போகட்டும். ஆங்கிலத்தில் தேடும்போதும் ‘ராக்’ என்ற ஒரே சொல்லோடு நின்றால் பாதி சரக்கு தப்பிவிடும். பதிப்பாளர்கள் அன்று எது விற்குமோ அந்த நடனத்தின் பெயரைத் தாளில் போட்டார்கள்: கேக்வாக், டூ-ஸ்டெப், ஸ்லோ டிராக், மார்ச், இண்டர்மெட்ஸோ. 1914க்குப் பிறகு ஃபாக்ஸ் டிராட். மார்ட்டனின் ‘ஜெல்லி ரோல் ப்ளூஸ்’ 1915இல் சிகாகோவின் வில் ராசிட்டர் வெளியிட்டபோது ஃபாக்ஸ் டிராட் என்றே வந்தது. 1917 வாக்கில் ஜாஸ் என்ற சொல்லையே இரட்டை ‘எஸ்’ போட்டு ‘ஜாஸ்ஸ்’ என்று அச்சிட்டார்கள். அந்த எழுத்துக்கூட்டலிலும் ஒருமுறை தேடுங்கள்.

1890கள், 1900களின் அட்டைகளில் கறுப்பின மக்களைக் கேலி செய்யும் படங்களும் தலைப்புகளும் நிறைய. தேடலில் அவை எதிர்ப்படும். அட்டையைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு இசைப் பக்கங்களை மட்டும் வைத்துக்கொள்வது பலர் செய்வது. அது சரியல்ல. தாள் எந்தச் சந்தைக்காக அச்சானது என்பதற்கு அந்த அட்டைதான் சாட்சி. முழுதாகச் சேமியுங்கள், பகிரும்போது விளக்கக் குறிப்பில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

பதிப்புரிமைக் கணக்கு

இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள், சேர்த்த எதையும் பகிர முடியாமல் முழிப்பார்கள். கணக்கு ஒன்றும் கடினமில்லை.

அமெரிக்காவில் இந்தக் காலத்துத் தாளுக்கு விதி: அச்சில் வெளியான ஆண்டோடு 95 கூட்டுங்கள், அந்த ஆண்டு முடிந்து மறுநாள், ஜனவரி 1 அன்று, உரிமை காலாவதி. 1929 தாள் 2025 ஜனவரி 1 அன்று விடுபட்டது; 1930 தாளுக்கு 2026 ஜனவரி 1. 1930 முதல் 1963 வரை வெளியானவற்றுக்கு 28ஆவது ஆண்டில் உரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பிக்காதவை எப்போதோ விடுபட்டுவிட்டன. புதுப்பித்தார்களா என்று பார்க்க, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் ஆண்டுப் பட்டியல்களில் இசைக்கான தொகுதியைத் திறந்து, வெளியான ஆண்டோடு 27, 28 கூட்டி வரும் இரு ஆண்டுகளையும் தேட வேண்டும். பட்டியல்களின் ஸ்கேன் இண்டர்நெட் ஆர்க்கைவிலும் ஹாதிட்ரஸ்டிலும் கிடைக்கும். ஸ்டான்ஃபோர்டின் புதுப்பிப்புத் தரவுத்தளம் புத்தகங்களுக்கு மட்டுமானது. அதில் பாட்டைத் தேடிவிட்டு ‘இல்லை, ஆகவே இலவசம்’ என்று முடிவு கட்டுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

எழுதிய ஆண்டு வேறு, வெளியான ஆண்டு வேறு. ஜோசப் லாம்ப் 1960இல் காலமானார். அவருடைய சில ராக்குகள் 1964இல்தான் முதன்முதலில் அச்சேறின. இசை கேட்க 1910களின் வாசனை அடிக்கும், ஆனால் கணக்கு 1964இலிருந்து ஓடும்: 2060 ஜனவரி 1.

இந்தியாவில் அடிப்படை விதி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. இலங்கையில் 70. கனடாவில் 1971 முடிவதற்குள் இறந்தவர்களுடையது விடுபட்டுவிட்டது; 1972 முதல் இறந்தவர்களுக்கு 70 ஆண்டு. கனடாவை இங்கே இழுப்பதற்குக் காரணம், ஐஎம்எஸ்எல்பி கனடா விதியைத்தான் பார்க்கிறது. ‘எய்ன்ட் மிஸ்பிஹேவின்’ 1929இல் வெளியானது. அமெரிக்காவில் 2025இல் விடுபட்டது. இசையமைத்த ஃபேட்ஸ் வாலர் 1943இலேயே இறந்துவிட்டார், உடன் இசையமைத்த ஹாரி புரூக்ஸ் 1970இல். ஆனால் வரிகளை எழுதிய ஆண்டி ராசாஃப் 1973இல் இறந்தார். கனடாவில் அந்த வரிகளுக்கு 2043 முடியும்வரை உரிமை உண்டு. பாட்டுத்தாள் என்றால் வரி எழுதியவரின் கணக்கையும் போட வேண்டும் என்பது இதனால்தான். ஸெஸ் கான்ஃப்ரேயின் 1921 ‘கிட்டன் ஆன் தி கீஸ்’ வார்த்தையில்லாத பியானோத் துண்டு, அவர் இறந்தது 1971. அமெரிக்கா, கனடா இரண்டிலும் சிக்கலில்லை.

இசை விடுபட்டதால் கேட்டெழுதிய தாளும் விடுபட்டதாகாது. மார்ட்டனின் தட்டை மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்டு எழுதியவருக்கு அந்த எழுத்தின் மேல் தனி உரிமை உண்டு. 1970களில் வந்த ‘எளிய ஜாப்ளின்’ தாள்களும் இப்படித்தான். 1973இல் ஒரு ஹாலிவுட் படம் ஜாப்ளினை மறுபடி பிரபலமாக்கியபின் அவை மூட்டை மூட்டையாக அச்சாயின. உள்ளே இருப்பது ஜாப்ளினின் 1902 மெட்டு, அமைப்பு (அரேஞ்ச்மெண்ட்) 1970களுடையது. முதல் இசைப் பக்கத்தின் வலது மேல் மூலையில் ‘Arr.’ (அமைப்பு) என்று ஒரு பெயர் இருந்தால் அவருடைய கணக்கையும் போடுங்கள்.

தட்டுகளுக்குக் கணக்கு வேறு. அமெரிக்காவில் 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு 100 ஆண்டு. ‘கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்’ தாள் 2020இலேயே விடுபட்டது. 1923 தட்டு 2024இல். 1926 தட்டுக்கு 2027 ஜனவரி 1. 1939இல் பதிந்த தட்டுக்கு இன்னும் பல ஆண்டு பாக்கி. தாளோடு ஒலிக்கோப்பையும் சேர்த்து அனுப்பும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்கவும்.

அச்சுப் பிரதி வாங்குவதாக இருந்தால்

அளவுகோலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். முதல் உலகப் போர்க் காலம் வரை அமெரிக்கத் தாள்கள் சுமார் 10½ × 13½ அங்குலம். போர்க்காலக் காகிதச் சிக்கனத்தில் 9 × 12க்கு இறங்கி அப்படியே நின்றுவிட்டன. ‘மேப்பிள் லீஃப் ராக்’ 1899இல் மிசோரி மாநிலம் செடாலியாவில் ஜான் ஸ்டார்க் வெளியிட்டது. எத்தனையோ முறை மறுஅச்சானது. எந்த அச்சைப் பார்த்தாலும் பதிப்புரிமை வரியில் 1899 என்றுதான் இருக்கும். ஆகவே அந்த எண்ணை நம்பி ‘முதல் பதிப்பு’ என்று விற்பவரிடம் அட்டையிலுள்ள முகவரியைக் கேளுங்கள். செயின்ட் லூயிஸ் என்றிருந்தால் அது ஸ்டார்க் அங்கே குடிபெயர்ந்த பிறகு அடித்தது. அளவு 9 × 12 என்றால் அதற்கும் வெகுகாலம் பின்னால்.

ஆனால் ஒன்று: பெரிய தாளை வெட்டிச் சின்னதாக்குவதும் நடந்திருக்கிறது. பியானோ ஸ்டூலுக்குள் அடங்க வேண்டும் என்று அன்றைய வீட்டுக்காரர்களே கத்தரித்திருப்பார்கள். அட்டைப் படத்தின் ஓரம் திடீரென்று அறுந்து நிற்கிறதா, பக்க எண் விளிம்பை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள்.

உள்ளிதழைக் கட்டாயம் எண்ணுங்கள். நான்கு பக்கத்துக்கு மேற்பட்ட தாள் பலவும் ஒரு மடித்த காகிதமும் அதற்குள் சும்மா செருகிய ஒற்றை இதழுமாக இருக்கும். தையலும் கிடையாது, பசையும் கிடையாது. நூறு வருஷத்தில் அந்த ஒற்றை இதழ் நழுவி எங்கோ போயிருக்கும்; அட்டை பளபளவென்று இருக்கும். விற்பவரிடம் எல்லா இசைப் பக்கங்களின் படத்தையும் கேட்டு, பக்க எண் தொடர்கிறதா என்று பாருங்கள். அட்டையையும் சேர்த்து எண்ணுவதால் இசை 2இல் அல்லது 3இல் தொடங்கும். 2க்கு அடுத்து 5 வந்தால் நடு இதழ் இல்லை.

மெல்லிய செய்தித்தாள் காகிதத்தில், அலங்கார அட்டையில்லாமல் ‘புரொஃபஷனல் காப்பி’ என்று அச்சிட்ட பிரதிகள் மேடைக் கலைஞர்களுக்கு இலவசமாகக் கொடுத்தவை. அட்டை சேர்ப்பவர்கள் இவற்றைச் சீந்தமாட்டார்கள், விலையும் குறைவு. வாசிப்பவருக்கு இசை அதேதான்.

வைத்திருக்க அமிலமில்லாத உறை அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை. பிவிசி உறை மையை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். கிழிசலில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பத்து வருஷத்தில் பசை பழுப்பேறி டேப் உதிரும், கறை நிற்கும். லாமினேஷன் பற்றிப் பேச்சே வேண்டாம். கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் பூஞ்சையும் வெள்ளிப்பூச்சியும்தான் பெரிய எதிரி. சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காமல், மூடிய பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, நிறம் மாறியதும் ஜெல்லை மாற்றுங்கள். எழுத வேண்டியிருந்தால் உறையின்மேல் பென்சிலால் எழுதுங்கள்.

ஸ்கேன்

வீட்டு ஏ4 ஸ்கேனரின் கண்ணாடி 21 × 29.7 செ.மீ. சின்ன அளவுத் தாளே 22.9 × 30.5 செ.மீ. அதாவது ஏ4 ஸ்கேனரில் எந்தத் தாளும் முழுதாக அடங்காது. விளிம்பு வெள்ளை போனால் பரவாயில்லை என்று வைத்தால், ஓரத்தில் சாவிக்குறியோ வரியின் கடைசி பாரோ (தாளக் கட்டம்) அறுபடும். ஏ3 ஸ்கேனர் உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போகலாம். ஆனால் தாளைத் தானாக இழுக்கும் ஃபீடரில் போட விடாதீர்கள், பழைய காகிதம் அதில் நொறுங்கும். கண்ணாடியில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஏ3 கிடைக்காவிட்டால் மேல்பாதி, கீழ்பாதி என இரண்டாக எடுத்து இணையுங்கள். இரண்டிலும் குறைந்தது 5 செ.மீ. பொதுவாக இருக்கட்டும். இணைப்பு இரண்டு வரிகளுக்கு நடுவேயுள்ள வெள்ளையில் விழ வேண்டும். ஐந்து கோட்டின் மேல் விழுந்தால் கோடு ஒரு முடி அளவு விலகினாலும் சுரம் மாறித் தெரியும். நேராக வைத்தால் அகலத்திலும் தாள் மீறும் என்பதால், தாளைக் குறுக்காகத் திருப்பி வையுங்கள். பெரிய அளவுத் தாளும் அப்படி வைத்தால் இரண்டிலேயே அடங்கும்.

இசைப் பக்கங்களை 600 டிபிஐ சாம்பல் நிறத்தில் எடுத்து, பிறகு சுத்தக் கறுப்பு-வெள்ளையாக்குங்கள். அட்டை 300 அல்லது 400 டிபிஐ வண்ணத்தில் போதும். 9 × 12 பக்கத்தை 600 டிபிஐ வண்ணத்தில் எடுத்தால் சுருக்காத கோப்பு 117 எம்பி ஆகும். அதே பக்கம் ஜி4 முறையில் சுருக்கிய கறுப்பு-வெள்ளையில் சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும், அச்சிலும் அதுவே கூர்மையாக இருக்கும். இசைப் பக்கத்தை ஜேபெக்காகச் சேமித்தால் கோடுகளைச் சுற்றி அழுக்கு மேகம் படரும், பிறகு கறுப்பு-வெள்ளையாக்கும்போது அது பூதாகாரமாகும். மூலக்கோப்பு டிஃப், பகிரும் கோப்பு பிடிஎஃப்.

சாய்வு திருத்த, விளிம்பு வெட்ட, கறுப்பு-வெள்ளையாக்க ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருள் போதுமானது. அதில் ஒரே ஒரு அபாயம், புள்ளி நீக்கும் வசதி. பழுப்புக் காகிதத்தின் பொட்டுகளைத் துடைக்கிறேன் பேர்வழி என்று அது சுரத்துக்குப் பக்கத்திலுள்ள நீட்டல் புள்ளியையும் துடைத்துவிடும். ராக்டைம் தாளில் புள்ளி வைத்த எட்டாம் சுரமும் பதினாறாம் சுரமும் ஜோடியாக வரும் இடங்கள் எத்தனை! புள்ளி போனால் தாளமே போச்சு. அந்த வசதியை முழுவதும் அணைத்துவிடுங்கள். பொட்டு இருந்தால் இருக்கட்டும்.

கைப்பேசிப் படம் அவசரத்துக்கு மட்டும். நடு மடிப்பருகே கோடுகள் வளையும், ஒரு பக்கம் மங்கும். வேறு வழியில்லை என்றால் ஜன்னல் வெளிச்சத்தில், தாளுக்கு நேர் மேலே பிடித்து, மேலே கண்ணாடித் தகடு ஒன்றை வைத்து அழுத்தி எடுங்கள்.

அச்சிட்டு வாசிப்பதற்கு: சின்ன அளவுத் தாளை ஏ4இல் அடக்க 91 சதவீதம், வெள்ளை ஓரத்தை வெட்டினால் ஏறக்குறைய முழு அளவிலேயே வரும். பெரிய அளவுத் தாள் வெட்டாமல் போட்டால் 78 சதவீதத்துக்கு இறங்கும். ஸ்டாண்டில் வைத்தால் கண்ணைச் சுருக்க வேண்டும். அதற்கு ஏ3 காகிதமே மேல்.

கோப்புப் பெயரும் பதிவேடும்

கோப்புப் பெயரில் ஐந்து சங்கதி போதும், ஒரே வரிசையில்: ஜாப்ளின்–மேப்பிள் லீஃப் ராக்–1899–ஸ்டார்க்–மூலத்தாள். ரோல் என்றால் கடைசியில் ரோல் கம்பெனியும் ஆண்டும். தட்டு என்றால் தட்டின் கம்பெனியும் ஆண்டும், எழுதியவர் பெயரும். ரோமன் எழுத்தில், இடைவெளிக்குப் பதில் சிறுகோடு போட்டு வையுங்கள். பழைய கணினிகளிலும் ஜிப் கோப்புகளிலும் தமிழ் எழுத்து உடைந்து சதுரம் சதுரமாக நிற்கும்.

மீதியெல்லாம் எக்செல் தாளில். அட்டையிலுள்ள முகவரி, பக்க எண்ணிக்கை, அளவு, இசைப் பக்கத்தின் அடியிலுள்ள தகட்டு எண் (இசையைச் செதுக்கிய அச்சுத் தகட்டுக்குப் பதிப்பாளர் இட்ட எண்), எந்த நூலகத்தின் எந்தப் பெட்டியில் எந்த உருப்படி, இசையமைத்தவரும் வரி எழுதியவரும் இறந்த ஆண்டுகள், அமெரிக்காவில் விடுபடும் தேதி. தகட்டு எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். தலைப்பும் அட்டையும் ஒன்றாக இருந்தும் தகடு மாறியிருந்தால், இசையை மறுபடி செதுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய பிழை திருந்தியிருக்கலாம், புதுப்பிழை நுழைந்திருக்கலாம். இந்த விவரங்களைப் பதிவிறக்கும் அன்றே எழுதிவிட வேண்டும். முந்நூறு கோப்பு சேர்ந்தபின் ‘ஸ்கேன்_047’ எங்கிருந்து வந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

மறுபடி எழுதுவது

மங்கிய ஸ்கேனை மியூஸ்ஸ்கோர் போன்ற இலவச மென்பொருளில் சுத்தமாக எழுதிப் பகிர்வது நல்ல சேவை. ஆடிவெரிஸ் என்ற மென்பொருள் ஸ்கேனைப் படித்துப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். மறுபாதி உங்கள் தலையில். ராக்டைம் 2/4 தாளம். ஒரு பாருக்கு எட்டுப் பதினாறாம் சுரங்கள். ஒவ்வொரு பாரையும் எண்ணி எட்டுக்கு வராததைச் சிவப்பிடுங்கள். பார் கோட்டைத் தாண்டி இரு சுரங்களை இணைக்கும் வளைகோட்டை (டை) மென்பொருள் பெரும்பாலும் தவறவிடும். அது போனால் சிங்கோபேஷன் செத்துப்போகும். அடுத்து மொத்தக் கணக்கு: ‘மேப்பிள் லீஃப் ராக்’கில் முன்னுரை கிடையாது, 16 பார் வீதம் நான்கு பகுதிகள், மூன்றாவது பகுதி ஏ ஃபிளாட்டிலிருந்து டி ஃபிளாட்டுக்குப் போகும். ‘என்டர்டெய்னர்’ என்றால் முன்னால் நான்கு பார் முன்னுரை. முதல் முடிப்பு, இரண்டாம் முடிப்பு இரண்டில் ஒன்றை மட்டும் எண்ணியும் 16 வரவில்லை என்றால் எங்கோ ஒரு பார் விழுந்திருக்கிறது.

மூலத்திலேயே பிழை இருக்கும். ஒரு கைக்கு நேச்சுரல் குறி போட்டுவிட்டு மறு கைக்கு மறந்திருப்பார்கள். திருத்துங்கள், ஆனால் திருத்திய இடத்தைச் சிறிய குறியால் காட்டி, பார் எண்ணைக் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். சொல்லாமல் திருத்தினால் அடுத்தவருக்கு அது மூலத்தின் குரலாகவே தெரியும். சுரங்களை ஸ்விங் தாளத்துக்கு மாற்றி எழுதவே எழுதாதீர்கள். தாளில் நேராக இருப்பதை நேராகவே எழுதி, வாசிப்பவர் விருப்பத்துக்கு விடுங்கள். 61 கட்டைக் கீபோர்டு வைத்திருப்பவருக்காக இடது கையை ஓர் ஆக்டேவ் மேலே ஏற்றினால், அதைத் தனிக் கோப்பாகப் பெயரிட்டு வையுங்கள்.

பகிர்வது

மூவாயிரம் கோப்பை ஒரே ஜிப்பில் கட்டி இணைப்பை வீசுவது பகிர்வு ஆகாது. அதற்குள் காலாவதியாகாத தாள் பத்து இருந்தால், ஒரு புகாரில் மொத்தமும் இறங்கும். ஐஎம்எஸ்எல்பியே 2007 அக்டோபரில் ஒரு ஐரோப்பியப் பதிப்பகத்தின் வக்கீல் கடிதத்தால் மூடப்பட்டு, 2008 ஜூன் கடைசியில்தான் திரும்பி வந்தது. இன்று அங்கே ஏற்றும் ஒவ்வொரு கோப்பையும் உரிமை தெரிந்தவர்கள் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அங்கே ஏற்றும் முன் இசையமைப்பாளர் பக்கத்தில் அதே பதிப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, உங்களுடையது தெளிவாக இருந்தால் மாற்றாக ஏற்றலாம். முந்தையதை அழிக்க வேண்டியதில்லை. பதிப்பாளர், ஊர், ஆண்டு, தகட்டு எண் கட்டங்களை உங்கள் எக்செல் தாளிலிருந்து அப்படியே நிரப்புங்கள். நூலக ஸ்கேன் என்றால் நூலகத்தின் பெயரைப் போடுங்கள்; தன் பெயரை வாட்டர்மார்க்காகக் குறுக்கே அடிப்பது அநாகரிகம், நான்காவது விரல் எங்கே போகிறது என்று பார்க்கிறவருக்கு இடைஞ்சலும் கூட.

தனிப்பட்ட முறையில் மாற்றிக்கொள்ளும்போது, பிறர் கேட்டெழுதிய தாளைக் கேட்டால் கோப்பை அனுப்பாமல் அவர் விற்கும் இடத்தின் இணைப்பை அனுப்புங்கள். ஸ்ட்ரைட் தாள் எழுதுபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மூன்று நிமிடத் தட்டுக்கு நூறு மணி நேரம் செலவழித்ததை இலவசமாகச் சுற்றவிட்டால் அவர்கள் அடுத்ததை எழுத மாட்டார்கள்.

ஏற்றியபின் பிழை சுட்டி யாராவது எழுதுவார்கள்: 23ஆம் பாரில் இடது கை டி ஃபிளாட்டா, டி நேச்சுரலா என்று. உடனே திருத்திவிடாமல் டிஃப் மூலத்தைத் திறந்து பாருங்கள். அதில் தெளிவில்லை என்றால் வேறொரு நூலகத்தின் பிரதியைத் திறந்து தகட்டு எண்ணை ஒப்பிடுங்கள். திருத்தினால் கோப்புப் பெயரின் கடைசியில் புதிய தேதி. பழைய கோப்பு உங்கள் கணினியில் அப்படியே கிடக்கட்டும்.